கழுவாத கிளாஸ்

கல்யாணமான நாள் முதல் என் மாமனார் என்னோடு பேசியதை எல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு தபால் அட்டையில் பாதிகூட நிரம்பாது. "வாங்க மாப்பிள்ளை", "சாப்டீங்களா", "சரி, பார்த்துப் போங்க". இந்த மூன்றுக்குள் எங்கள் உறவு சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களின் எல்லைத் தகராறுக்கு நடுவில் அளவுச் சங்கிலி பிடித்து நின்றதில், வாயைத் திறக்காமல் இருந்தால் பாதி வம்பு குறையும் என்று கண்டுகொண்டிருந்தார். நானும் பேச்சில் புலி இல்லை. லிஃப்ட் ரிப்பேர் செய்பவன். லிஃப்ட் குழிக்குள் இறங்கி உட்கார்ந்திருப்பவனுக்குக் கிரீஸ் டப்பாவைத் தவிர வேறு பேச்சுத்துணை கிடையாது.

அப்படிப்பட்ட மாமா ஒருநாள் மாலை, துண்டில் சுற்றிய எதையோ கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, அடுத்த மாசம் எனக்கு நெஞ்சுல ஆபரேஷன். தெரியும்ல?"

"தெரியும் மாமா."

"அதுக்கப்புறம் இதைத் தொடவே கூடாதுன்னுட்டார் டாக்டர். அதுக்கு முன்னாடின்னா ஒரு சின்ன கிளாஸ் பரவாயில்லையாம்." துண்டை விலக்கிக் காட்டினார். ஸ்காட்ச் விஸ்கி. அவர் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் கொடுத்தது. மூடிகூடத் திருகப்படவில்லை. "ஒரு சனிக்கிழமை சாயந்தரம் வீட்டுக்கு வாங்க. நாம ரெண்டு பேர் மட்டும். அதுவரைக்கும் இது உங்ககிட்ட இருக்கட்டும். அங்க வச்சா உங்க அத்தை கண்ல பட்டுடும்."

இவ்வளவையும் ஒரே மூச்சில் பேசிவிட்டு, அடுத்த பல வருஷங்களுக்கான வார்த்தைகளைச் செலவழித்துவிட்ட களைப்போடு அவர் கிளம்பிப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூத்த மாப்பிள்ளை இருக்கும்போது, பேச்சில் மன்னனும் ஊர் சுற்றியவருமான என் சகலை இருக்கும்போது, மாமா என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

சந்தோஷம் பாட்டிலை அலமாரியில் வைக்கிற வரைதான் நீடித்தது. எனக்கு விஸ்கி குடிக்கத் தெரியாது. போன வருஷம் சகலை வீட்டு விருந்தில் ஒரு கிளாஸைக் கையில் கொடுத்தார்கள். வாயில் ஊற்றியதும் தொண்டைக்குள் வெல்டிங் வைத்தது மாதிரி இருந்தது. வெள்ளை மேஜை விரிப்பின் மேலேயே துப்பிவிட்டேன். "ஐயோ, அது உங்க சர்வீஸைவிட சீனியர் சரக்குங்க!" என்றார் சகலை. கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவர் முன்னால் இன்னொரு முறை துப்புவதற்கு நான் தயாராக இல்லை. ஆபரேஷனுக்குப் போகும் மனுஷன் ஆசையாகக் கடைசியாக ஒரு கிளாஸ் குடிக்கக் கூப்பிடுகிறார். பக்கத்தில் உட்கார்ந்து ரசித்துக் குடிக்கத் தெரிய வேண்டாமா? கற்றுக்கொண்டுவிட்டுத்தான் போவது என்று முடிவு செய்தேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த மகா மட்டமான முடிவு அது.

அந்த வாரமே ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது என்று அழைத்தார்கள். மேலே மோட்டார் அறைக்குப் போய், பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை மாடிக்கு நேராகக் கொண்டுவந்து கதவைத் திறந்தேன். உள்ளே கோட்டு போட்ட ஒரு பெரியவர் கண்ணை மூடி, ஒரு காலிக் கிளாஸுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"சார், வெளியே வரலாம்."

"உஸ்ஸ்! இப்பத்தான் புகை வாசம் பிடிபடுது. கதவை மூடுங்க."

மூடினேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து தட்டினார். திறந்தேன். அவர்தான் அந்தக் கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கும் விஸ்கி ரசனைப் பேரவையின் தலைவர். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று நினைத்து, என் குறையைச் சொன்னேன். அவர் என் மூக்கை இடதும் வலதுமாகப் பார்த்தார். "நல்ல மூக்கு. யாரும் கெடுக்கறதுக்கு முன்னாடி எங்ககிட்ட வந்துட்டீங்க" என்றார்.

சனிக்கிழமை மாலைகளில் வகுப்பு. பேரவையின் கூடத்தில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி அலமாரிகள், அவற்றுள் பாட்டில்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் அரக்கு முத்திரை. நடுவில் ஒரு தனிப் பெட்டியில், விளக்கு வெளிச்சத்தில், ஒரே ஒரு பழைய கிளாஸ். அதைக் கடக்கும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்தினார்கள். உறுப்பினர்கள் தோளிலிருந்து மார்புக்குக் குறுக்கே பட்டை அணிந்திருந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர் மோப்பர். அதற்கு மேல் நுனிநாக்கர், நடுநாக்கர், அடிநாக்கர். எல்லோருக்கும் உச்சியில் பேரறிஞர். பேரறிஞர் பட்டை இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை. தலைவரே அடிநாக்கரில் நின்றுகொண்டிருந்தார்.

முதல் நாள் அவர் எங்களுக்கு உரையாற்றினார்.

"குடிப்பது எளிது. தொண்டை உள்ள எந்தப் பிராணியும் குடிக்கும். ரசிப்பதுதான் கடினம். ரசனைக்கு முதல் எதிரி யார்? அவசரம். இரண்டாவது எதிரி யார்? தாகம். மூன்றாவது எதிரியை நான் சொல்லத் தயங்குகிறேன், ஆனால் சொல்லியே ஆக வேண்டும். விஸ்கி! ஆம், கிளாஸில் விஸ்கி வந்துவிட்டால் மாணவனின் கவனம் அதன் மேல் போய்விடுகிறது."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. பிறகு எங்கள் எதிரில் ஆளுக்கொரு காலிக் கிளாஸ் வைக்கப்பட்டது. அடி பெருத்து, வாய் குறுகிய கிளாஸ். பாடம் நடத்தியவர் மூக்குப் பொறுப்பாளர். ஒடிசலான வயதானவர். பேரவை தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர், ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடாதவர் என்று பக்கத்து நாற்காலிக்காரர் பயபக்தியோடு காதில் சொன்னார்.

"முகருங்க. என்ன வருதுன்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

ஒருவர் உலர்ந்த திராட்சை என்றார். ஒரு பெண்மணி கடற்கரை, மழைக்கு முந்தின கடற்கரை என்றார். பல் டாக்டர் ஒருவர், தன் தாத்தாவின் தோல் பெட்டி என்று சொல்லும்போது குரல் தழுதழுத்துவிட்டது. என் முறை வந்தது.

"சார், எனக்கு ஒண்ணும் வரலை. பாத்திரம் கழுவற பவுடர் வாசம் லேசா வருது."

பக்கத்து நாற்காலிக்காரர் தன் நாற்காலியை ஒரு அடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"வரும்" என்றார் மூக்குப் பொறுப்பாளர். "வரலைன்னா அது கிளாஸோட குறை இல்ல. திரும்ப முகருங்க."

திரும்ப முகர்ந்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல், எனக்குத் தெரிந்த ஒரே வாசத்தைச் சொன்னேன். "லிஃப்ட் குழியில மழைத்தண்ணி தேங்கி, அதுல பழைய கிரீஸ் மிதந்தா ஒரு வாசம் வரும் சார். அது மாதிரி..."

மூக்குப் பொறுப்பாளர் கண்ணை மூடினார். தலைவர் எழுந்து நின்றார். "குழி!" என்றார். "எத்தனை வருஷமா இந்தச் சொல்லுக்குக் காத்துக்கிட்டிருந்தோம்!" அன்று மாலையே 'குழி' பேரவையின் வாசனைச் சொற்களில் சேர்க்கப்பட்டது. அடுத்த வாரம் பல் டாக்டருக்கும் குழி வந்தது. அதற்கடுத்த வாரம் குழி வராதவர்களே இல்லை.

நான் விஸ்கி எப்போது தருவார்கள் என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கென்றே சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். 'எப்போது என்று கேட்பவர் இன்னும் தயாராகவில்லை.'

அந்த முதல் நாள் கிளம்பும்போதே பதிவாளர் அம்மா என்னை நிறுத்தினார். "வீட்ல திறக்காத பாட்டில் ஏதாவது இருக்கா?"

பொய் சொல்லத் தெரியாத வாய். மாமாவின் பாட்டிலைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. உடனே தலைவர் வந்தார், இரண்டு நடுநாக்கர்கள் வந்தார்கள். ஒரு மோப்பரின் வீட்டில் ஸ்காட்ச் பாட்டில் இருப்பது, தொட்டிலில் தீப்பெட்டி இருப்பதற்குச் சமமாம். அப்படியே என் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். என் மனைவி கதவைத் திறந்ததும், "பாட்டில் படுத்திருக்கா, நின்னுக்கிட்டிருக்கா?" என்று கேட்டார் தலைவர். அவள் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்கப் பேரவையில் சொல் கிடையாது.

"என் முதுகுக்குப் பின்னாடி என்ன நடக்குது? அப்பாவோட பாட்டிலை இவங்க எதுக்குத் தூக்கிட்டுப் போறாங்க?"

"பத்திரமா வச்சிருப்பாங்களாம். நான் தேறினதும் குடுத்துடுவாங்க."

"எதுல தேறினதும்?"

பதில் சொல்வதற்குள் அவர்கள் பாட்டிலைக் காரின் பின்சீட்டில் நிமிர்த்தி உட்காரவைத்து பெல்ட் போட்டுவிட்டார்கள். தலைவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மாமா போன் செய்தார். மாமா போன் செய்கிற ஆளே இல்லை.

"மாப்பிள்ளை, இந்தச் சனிக்கிழமை..."

"இந்த வாரம் கொஞ்சம் வேலை மாமா. அடுத்த வாரம் கட்டாயம்."

"சரி, சரி. பரவாயில்ல. பார்த்துக்குங்க."

அடுத்த வாரமும் இதே பேச்சு, இதே பரவாயில்லை. நான் காலிக் கிளாஸில் சொட்டுக்குழாயால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடும் பயிற்சியில் இருந்தேன். நல்ல விஸ்கியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் வாசம் மலரும் என்பது உண்மையாம். நாங்கள் தண்ணீரை மட்டும் விட்டு, மலர்வதற்கு இடம் கொடுத்துக் காத்திருந்தோம். பிறகு கிளாஸைச் சுழற்றி, உள்சுவரில் கோடு கோடாக வழிந்து இறங்கும் 'கால்களை'க் கவனித்தோம். தண்ணீருக்குக் கால் கிடையாது என்று நான் சொன்னதற்கு, நம்பிக்கை குறைவானவன் என்று என் பெயருக்கு நேரே குறித்துக்கொண்டார்கள்.

நடுவில் இருந்த அந்தப் பழைய கிளாஸைப் பற்றி அன்றுதான் பல் டாக்டரிடம் கேட்டேன்.

"அது நிறுவனரோட கிளாஸ். பேரவையைத் திறந்து வச்ச அன்னிக்கு அதுலதான் அவர் குடிச்சார். அதுக்கப்புறம் கழுவவே இல்ல."

"அப்ப நாம முகர்றது?"

"அது அந்தக் கிளாஸுக்குப் பக்கத்துல வச்சிருந்த கிளாஸ். வாசம் ஏறியிருக்கும்னு ஒரு கருத்து."

"டாக்டர், நீங்க எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க? இதுவரைக்கும் ஏதாவது குடிச்சிருக்கீங்களா?"

அவர் தன் பல்லையே பிடுங்க வந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "நான் நுனிநாக்கர்தான். அவசரப்படக் கூடாது."

அந்த வாரத்தின் நடுவில் மனைவி ஓடிவந்து சொன்னாள். ஆபரேஷன் தேதியை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வரும் வாரமே. மிச்சம் இருப்பது ஒரே ஒரு சனிக்கிழமை. "அப்பா உங்களைக் கேட்டார். 'மாப்பிள்ளைக்கு ரொம்ப வேலையோ'ன்னு ரெண்டு தடவை கேட்டார். இந்தத் தடவை நீங்க போகலைன்னா என்கிட்ட பேசாதீங்க."

அந்தச் சனிக்கிழமை வகுப்புக்குப் போனதுமே நேராகத் தலைவரிடம் போய், பாட்டில் இன்றைக்கே வேண்டும் என்றேன். விடுவிப்புக் குழு கூடினால்தான் முடியும் என்றார். குழு எப்போது கூடும்? விடுவிப்பு கேட்டு யாராவது வந்தால்தான் கூடும். யாரும் கேட்டதே இல்லையாம். நான் கேட்டதால் கூடியது. தலைவர், பதிவாளர் அம்மா, மூக்குப் பொறுப்பாளர், இரண்டு அடிநாக்கர்கள். எதிரே ஒரு முக்காலியில் நான். மேஜை மேல் மாமாவின் பாட்டில், அதன் கழுத்திலும் இப்போது அரக்கு முத்திரை.

"இந்தப் பாட்டிலைக் குடிக்க உங்களுக்கு ஆசையா?" என்றார் தலைவர்.

"ஆமா சார். எங்க மாமாவோட சேர்ந்து..."

"ஆசை இருக்கு" என்று பதிவாளர் அம்மாவிடம் சொன்னார். "எழுதிக்கோங்க. ஆசை இருக்கறவருக்கு விடுவிக்க முடியாது. ஆசையோட குடிக்கிறவன் குடிகாரன். ஆசை இல்லாம குடிக்கிறவன்தான் ரசிகன்."

"அப்ப ஆசை இல்ல சார்."

"ஆசை இல்லைன்னா எதுக்குக் கேக்கறீங்க?"

"சார், ஆசையே இல்லாதவன் எதுக்கு சார் குடிக்கணும்?"

"கேட்டீங்களே, அருமையான கேள்வி. அதனாலதான் நாங்க குடிக்கிறதே இல்..." தலைவர் இருமினார். தண்ணீர் குடித்தார். "குடிக்கிறதுல அவசரம் காட்டறதே இல்ல. பாருங்க, ஒரு நிறுவனம்னா அதுக்கு ஒரு கட்டுப்பாடு வேணும். எங்க அலமாரியில எத்தனையோ உறுப்பினருங்க பாட்டில் இருக்கு. பல பேர் காலமாகிட்டாங்க. ஒரு பாட்டில்கூட சேதம் இல்ல. வேற எந்தச் சங்கம் இப்படிச் சொல்ல முடியும்?"

"அவங்க யாருமே அதைக் குடிக்காமலே செத்துட்டாங்களா?"

"முழுத் தகுதியோட போனாங்க" என்றார் பதிவாளர் அம்மா பெருமையாக.

ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மாமா இந்நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்ற நினைப்பு வந்தது. அவ்வளவுதான், எனக்குள் ஏதோ ஒரு ஒயர் அறுந்துவிட்டது. முக்காலியை உதைத்துவிட்டு எழுந்தேன்.

"வேண்டாம்! எனக்கு இந்த விஸ்கியும் வேண்டாம், இந்தக் கருமம் புடிச்ச கிளாஸும் வேண்டாம்! மழைக்கு முந்தின கடற்கரை! தாத்தா பெட்டி! குழி! என் வாழ்க்கையில இனிமே விஸ்கின்ற வார்த்தையே காதுல விழ வேண்டாம். நான் போறேன். எங்க மாமா பக்கத்துல சும்மா உட்கார்ந்துக்கறேன்!"

நான் கதவை நெருங்குவதற்குள் பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. திரும்பினேன். குழு மொத்தமும் எழுந்து நின்றிருந்தது. தலைவரின் கண் கலங்கியிருந்தது.

"ஆசை அத்துப்போச்சு" என்றார் மெல்லிய குரலில். "சொட்டுகூட மிச்சம் இல்லாம அத்துப்போச்சு. பார்த்தீங்களா எல்லாரும்? நம்ம பேரவையோட முதல் பேரறிஞர்!"

என் தோளில் தங்கச் சரிகைப் பட்டை விழுந்தது. வகுப்பில் இருந்தவர்கள் எல்லாம் ஓடிவந்து கையைப் பிடித்தார்கள். பல் டாக்டர் அழுதேவிட்டார். தலைவர் பாட்டிலை இரண்டு கையாலும் ஏந்தி என்னிடம் கொடுத்தார். "இது இனிமே உங்களுது. ஒரே ஒரு நிபந்தனை. பேரறிஞர் பாட்டிலைத் திறக்க மாட்டார். முத்திரை சரியா இருக்கான்னு நாங்க அப்பப்ப வந்து பார்ப்போம். எங்க வைக்கப் போறீங்க? விலாசம் சொல்லுங்க."

நான் மாமா வீட்டு விலாசத்தைச் சொல்லிவிட்டு நழுவப் பார்த்தேன். நழுவ விடுவார்களா? முதல் பேரறிஞரை வாசல்வரை வழியனுப்பிவைக்க வேண்டும் என்று ஊர்வலமே கிளம்பியது. எல்லோரும் என்னோடு லிஃப்டுக்குள் ஏறினார்கள். லிஃப்ட் அதிக எடை என்று கூவத் தொடங்கியது. நாலைந்து பேராவது இறங்க வேண்டும். மூத்தவர் முன்னால் இளையவர் இறங்கினால் அது முதுகு காட்டுவது. இளையவருக்காக மூத்தவர் இறங்கினால் அது பட்டைக்கே அவமானம். சட்ட விதியை எடுத்துவரச் சொல்லலாம் என்றால், எடுக்கப் போகிறவர் இறங்க வேண்டும். லிஃப்ட் கூவிக்கொண்டே இருந்தது. நான் வருஷக்கணக்காக லிஃப்டுகளைப் பார்த்துவருகிறவன், அந்தக் கூவல் நிற்காது என்று எனக்குத் தெரியும். பேரறிஞருக்கு மேல் மூத்தவர் யாரும் இல்லை, அதனால் என்னைத் தடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. பாட்டிலை அணைத்துக்கொண்டு வெளியே வந்து படிக்கட்டில் ஓடினேன். கீழே வரும்வரை கூவல் கேட்டுக்கொண்டிருந்தது.

மாமா வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். "வாங்க மாப்பிள்ளை" என்றார். என் தோளில் கிடந்த தங்கப் பட்டையைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்கமாட்டார்.

உள் அறை மேஜையில் இரண்டு கிளாஸ், ஒரு தட்டில் வறுத்த முந்திரி. மேஜைக்குக் கீழே சோடா பாட்டில்கள் வரிசையாக நின்றன.

"எதுக்கு மாமா இவ்வளவு சோடா?"

"ஒவ்வொரு சனிக்கிழமையும் வாங்கி வச்சேன். நீங்க வேலைன்னு சொன்னீங்க. சரி, இருக்கட்டும், அடுத்த வாரத்துக்கு ஆகும்னு..."

சுருக்கென்றது எனக்கு. அத்தனை சனிக்கிழமையும் இந்த மனுஷன் இங்கே சோடாவோடு உட்கார்ந்திருக்க, நான் அங்கே காலிக் கிளாஸில் புகை வாசத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். வேறு ஏதோ வந்தது. "மாமா, உங்களுக்குத் தண்ணியா, சோடாவா? எப்பவும் எப்படிக் குடிப்பீங்க?"

மாமா முந்திரித் தட்டை நகர்த்தி வைத்தார். "எனக்கென்ன தெரியும்? நான் குடிச்சதே இல்லையே."

"என்ன மாமா சொல்றீங்க?"

"டாக்டர்கிட்ட கேட்டேன். 'இதுவரைக்கும் தொட்டதில்ல, ஒரு தடவை என்னதான்னு பார்க்கலாமா'ன்னு. சிரிச்சுக்கிட்டே சரின்னார். எப்படிக் கலக்கணும்னு உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"நான் துப்பினதை நீங்க பார்த்தீங்களே!"

"பார்த்தேன். அங்க இருந்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் நடிக்காம இருந்தீங்க." ஒரு முந்திரியை எடுத்துத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். "ராத்திரியில தூக்கம் வர்றதில்ல மாப்பிள்ளை. பயமா இருக்கு. உங்க அத்தைகிட்ட சொன்னா அவளும் பயந்துடுவா. பெரிய மாப்பிள்ளைகிட்ட சொன்னா தைரியம் சொல்லியே ஆளைக் கொன்னுடுவார். நீங்கன்னா ஒண்ணும் சொல்ல மாட்டீங்க. சும்மா கூட இருப்பீங்க. அதுக்கு ஒரு சாக்கு வேணுமே, அதான் பாட்டில்."

அரக்கு முத்திரையை ஸ்குரு டிரைவரால் பெயர்த்தேன். இரண்டு கிளாஸிலும் கொஞ்சமாக ஊற்றினேன். சோடாவைத் திறந்தால் சீறவே இல்லை. எப்போதோ ஒன்றைத் திறந்து பார்த்து மூடி வைத்திருக்கிறார். அதையே ஊற்றிக்கொண்டோம். குடித்தோம். மாமாவின் முகம் எலுமிச்சையைக் கடித்த குழந்தை முகமாயிற்று. என் முகம் எப்படி இருந்ததோ, அதைப் பார்த்து மாமா சிரிக்க ஆரம்பித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் அடக்க முடியவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் சிரிக்க, நான் பயந்துபோய் முதுகைத் தடவ, சத்தம் கேட்டு அத்தை வந்துவிட்டார்.

"என்ன நாத்தம் இது? ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?"

கதை முடிந்தது என்று நினைத்தேன். அத்தை என் கிளாஸைப் பிடுங்கி முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. இன்னொரு வாய் குடித்தார்.

"நல்லாத்தானே இருக்கு" என்றார். "இதுக்கா மூஞ்சியை இப்படி வச்சிருக்கீங்க? இன்னும் கொஞ்சம் ஊத்துங்க மாப்பிள்ளை. அந்தச் செத்துப்போன சோடா வேண்டாம்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாமா வீடு திரும்பி, தலையணைகளுக்கு நடுவில் சாய்ந்து உட்கார ஆரம்பித்த ஒரு நாள், நான் அங்கே இருந்தபோதே அழைப்பு மணி அடித்தது. பேரவையின் முத்திரைச் சோதனை. பதிவாளர் அம்மாவும் மூக்குப் பொறுப்பாளரும் பட்டை அணிந்து நின்றார்கள்.

"பாட்டிலா?" என்றார் அத்தை. "இப்பத்தான் கழுவப் போறேன். இவர் ஆஸ்பத்திரியில இருந்தப்ப எனக்கும் தூக்கம் வரலை. தினமும் கொஞ்சம் கொஞ்சமா நானே முடிச்சுட்டேன்."

"கழுவாதீங்க!" என்று அலறிவிட்டார் மூக்குப் பொறுப்பாளர்.

அத்தை காலி பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினார். முத்திரை உடைப்பு, உறுப்பினர் நீக்கம், பட்டை பறிமுதல் என்று சொல்லிக்கொண்டே பதிவாளர் அம்மா எழுதினார். மாமா வீட்டிலேயே கிடந்த என் பட்டையைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, கீழே காரில் காத்திருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். மூக்குப் பொறுப்பாளர் மட்டும் நகரவில்லை. பாட்டிலின் வாயில் மூக்கை வைத்தவர் எடுக்கவே இல்லை. திராட்சை என்று சொல்லவில்லை, கடற்கரை என்று சொல்லவில்லை, குழி என்றும் சொல்லவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. எல்லோரும் காத்திருந்தோம். கடைசியில் கண்ணைத் திறந்து, வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, அத்தையிடம் ரகசியமாகக் கேட்டார்.

"அம்மா... இதைக் குடிச்சா எப்படி இருக்கும்?"

அத்தை அவர் பட்டையையும் நரைத்த தலையையும் மாறி மாறிப் பார்த்தார். "அடப் பாவமே. தெரிஞ்சிருந்தா உங்களுக்கு ஒரு வாய் மிச்சம் வச்சிருப்பேனே அண்ணே" என்றார்.

தலையணைகளுக்கு நடுவிலிருந்து மாமா தொண்டையைச் செருமினார்.

"சனிக்கிழமை சாயந்தரம் வாங்க" என்றார். "எனக்கு இனிமே கூடாது. மாப்பிள்ளைக்குப் பிடிக்காது. ஆனா இவ ஒருத்தி தனியா குடிக்கறா. பாட்டில் மாப்பிள்ளை வாங்கிட்டு வருவார். சோடா நிறைய இருக்கு."